என் மெஷின்ல ஓடுதே!

மென்பொருள் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. ஒருவர் எழுதிய நிரல் அவர் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. அதையே எழுத்துக்கு எழுத்து மாறாமல் பக்கத்து மேசைக்காரர் தன் மடிக்கணினியில் இறக்கி ஓட்டினால் பிழைச்செய்திகள் வரிசைகட்டி வருகின்றன. "என் மெஷின்ல ஓடுதே!" என்கிறார் எழுதியவர். இருவருமே பொய் சொல்லவில்லை. கணினிக்குக் களைப்பும் கிடையாது, கோபமும் கிடையாது, சொன்னதைத்தான் செய்யும். அப்படியிருக்க, ஒரே நிரல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடப்பது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சிறிய இணையச் சர்வரை எழுதி, சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலை சின்னதுதான். ஆனால் அந்த மொழியின் அடிப்படைக் கருத்திலேயே நம் புதிருக்கான விடையும் இருக்கிறது. அந்த விடை தங்கள் கருவிகளுக்கும் பொருந்தும் என்பதை ஹாஸ்கெல்காரர்கள் நடைமுறைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'சார்பு' என்று ஒன்று வரும். ஓர் எண்ணைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் திருப்பித் தருவது. வர்க்கம் காணும் சார்புக்கு 5 கொடுத்தால் 25 தரும். திங்கட்கிழமை கொடுத்தாலும் 25, நள்ளிரவில் கொடுத்தாலும் 25. யார் கேட்டார், இதற்கு முன் என்ன கேட்டார் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. கையில் கொடுத்ததைத் தவிர வேறெதையும் பார்க்காத இத்தகைய சார்பைத் 'தூய சார்பு' என்கிறார்கள்.

ஜாவாவிலும் பைத்தானிலும்கூட சார்பு என்ற பெயரில் நிரல் துண்டுகள் உண்டு. ஆனால் அவை கணக்குப் புத்தகத்துச் சார்புகள் அல்ல. வேலைக்கு நடுவே கடிகாரத்தைப் பார்க்கலாம், கோப்பு ஒன்றைத் திறந்து படிக்கலாம், வேறெங்கோ இருக்கும் எண்ணை மாற்றிவிட்டும் வரலாம். சார்பு நிரலாக்கம் என்பது இதைக் கட்டுக்குள் வைக்கும் முறை. 1930-களில் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கால்குலஸ் அதன் வேர். 1980-களில் இந்த வழியில் ஒன்றையொன்று ஒத்த பல மொழிகள் உருவாகியிருந்தன. 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த ஒரு மாநாட்டில், எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று முடிவாகி, அதற்கு ஒரு குழு அமைந்தது. 1990-இல் முதல் அறிக்கை வந்தது. ஹாஸ்கெல் கரி என்ற தர்க்கவியலாளரின் பெயரையே மொழிக்கு வைத்தார்கள்.

ஹாஸ்கெலில் ஒரு சார்பு எதை வாங்கும், எதைத் தரும் என்பதை வகைக் குறிப்பு சொல்லிவிடும். வெளியுலகைத் தொடும் சார்பாக இருந்தால், அதாவது மணி பார்ப்பது, கோப்பைப் படிப்பது, வலையில் எதையாவது அனுப்புவது போன்ற வேலை இருந்தால், அந்தக் குறிப்பில் 'ஐஓ' என்ற முத்திரை இருந்தாக வேண்டும். தூயது என்று குறித்த சார்புக்குள் மணி பார்க்கும் வேலையை அப்படியே நுழைத்தால் கம்பைலர் ஏற்காது. நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளைத்தான் கம்பைலர் என்கிறோம். ஹாஸ்கெலுக்குப் பரவலாகப் பயன்படும் கம்பைலர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜி.எச்.சி.

சர்வருக்கும் சார்புக்கும் என்ன உறவு? உலாவி அனுப்பும் கோரிக்கை சில வரி எழுத்துகள்தான்: எந்தப் பக்கம் வேண்டும், எந்த மொழியில் வேண்டும், கேட்பது எந்த உலாவி. திரும்பி வரும் மறுமொழியும் அப்படியே: 200 அல்லது 404 போன்ற நிலை எண், சில தலைப்பு வரிகள், பிறகு பக்கத்தின் உள்ளடக்கம். கோரிக்கை உள்ளே, மறுமொழி வெளியே. ஆக, சர்வரின் சாரம் ஒரு சார்புதான். ஹாஸ்கெலின் டபிள்யூ.ஏ.ஐ. என்ற பொது இடைமுகம் இதையே ஒரு வகைக் குறிப்பாக எழுதிவைத்திருக்கிறது. தரவுத்தளத்தைத் தொட வேண்டியிருப்பதால் ஐஓ முத்திரையும் அதில் உண்டு. ஸ்காட்டி, யெசோட், சர்வன்ட் போன்ற சட்டகங்களில் எதை வைத்து எழுதினாலும் கடைசியில் கிடைப்பது இந்த வடிவிலான ஒரு சார்பு. வார்ப் என்ற சர்வர் வாசலில் காத்திருந்து, கோரிக்கை வரும்போதெல்லாம் அதை அழைக்கிறது.

எழுதும்போது சர்வரும் உலாவியும் ஒரே கணினியில் இருக்கும். 127.0.0.1 என்ற முகவரிக்கு அனுப்பும் எதுவும் கணினியை விட்டு வெளியே போவதில்லை. உள்ளேயே திரும்பி அதே கணினிக்கு வருகிறது. இணைய இணைப்பு அறுந்திருந்தாலும் இது வேலை செய்யும். ஒரே கணினியில் பல சர்வர்கள் ஓடலாம் என்பதால் முகவரியோடு போர்ட் எண்ணும் வேண்டும். பதினாறு பிட்டில் அடங்கும் எண் என்பதால் அது 65,535-ஐத் தாண்டாது. வலைத்தளங்களின் வழக்கமான போர்ட் 80, பாதுகாப்பான இணைப்புக்கு 443. லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ளவற்றைத் திறக்க வழக்கமாக நிர்வாகி உரிமை வேண்டும். அதனால்தான் எழுதும் காலத்தில் எல்லாரும் 3000, 8080 என்று உயரத்தில் இருக்கும் எண்களைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல், சர்வரைக் கட்டும் இடத்தில் வருகிறது.

இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவு. மே மாதச் சென்னையில் இரவு கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி வழியும். டிசம்பர் ஊட்டியில் மறுநாள் மதியமும் அசையாமல் கிடக்கும். சமையல் குறிப்பில் 'புளிக்க விடவும்' என்று இருக்கிறதே தவிர, அறையின் வெப்பம் என்ன என்று யாரும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அதுவும் ஓர் உள்ளீடுதான். சென்னைக்காரருக்கு அது கண்ணிலேயே படாது, அவர் வீட்டில் எப்போதும் இருப்பதால். இப்படி எழுதாமல் விட்டதை 'மறை உள்ளீடு' என்று வைத்துக்கொள்வோம்.

நிரலைக் கட்டுவதும் ஒரு சார்புதான்: மூல நிரல் உள்ளே போகிறது, ஓடக்கூடிய கோப்பு வெளியே வருகிறது. மூல நிரல் ஒன்றாக இருந்தும் விளைவு மாறினால், வேறு ஏதோ உள்ளே போயிருக்கிறது. கம்பைலரின் பதிப்பு, துணைப்பொதிகளின் (பிறர் எழுதி, நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளின்) பதிப்புகள், இயங்குதளத்தோடு வந்த லைப்ரரிகள், சூழல் மாறிகள், ஏன், அந்த நேரத்துக் கடிகாரம்கூட. எழுதியவரின் கணினியில் இவை முன்பே இருந்தன; இருக்கின்றன என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். சர்வருக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வேண்டும். ஹாஸ்கெல் பொதிகளின் பொதுக் களஞ்சியமான ஹேக்கேஜில் அதற்கான பொதிகள் இருக்கின்றன. பெயரை நம் திட்டக் கோப்பில் எழுதினால் கேபல் என்ற கருவி தானே இறக்கிக் கட்டத் தொடங்கும். திரையில் பொதிகளின் பெயர்கள் மளமளவென்று ஓடும். திடீரென்று நிற்கும்: 'பிஜி-கான்ஃபிக்' என்ற நிரல் தேவை, ஆனால் கிடைக்கவில்லை. அந்தப் பெயரை நாம் எங்குமே எழுதவில்லையே! அந்த ஹாஸ்கெல் பொதிக்கு அடியில் இருப்பது சி மொழியில் எழுதிய 'லிப்பீக்யூ' என்ற லைப்ரரி. அது கணினியில் எங்கே இருக்கிறது என்று கேட்டறியத்தான் பிஜி-கான்ஃபிக். கேபலுக்கு ஹாஸ்கெல் பொதிகளை இறக்கத் தெரியும். சி லைப்ரரியை நிறுவுவது இயங்குதளத்தின் பொறுப்பு. உபுண்டுவில் 'லிப்பீக்யூ-டெவ்' என்ற பொதியை நிறுவினால் தடை விலகும். என்றோ வேறு வேலைக்காக அதை நிறுவி மறந்தவர் கணினியில் இந்தப் பிழை வரவே வராது. அவர்தான் "என் மெஷின்ல ஓடுதே" என்பார்.

பதிப்புகளின் கதை இன்னும் சுவையானது. ஜி.எச்.சி.யின் ஒவ்வொரு பதிப்போடும் 'பேஸ்' என்ற அடிப்படைப் பொதி ஒன்று சேர்ந்தே வரும். ஒவ்வொரு பொதியும் தனக்கு எந்தப் பேஸ் ஒத்துவரும் என்று ஓர் எல்லையைச் சொல்லும். ஆகவே கம்பைலரை மாற்றினால் பொதிகளின் பட்டியலே ஆட்டம் காணும். ஜி.எச்.சி.அப் என்ற நிறுவல் கருவி இதற்காகவே பல ஜி.எச்.சி. பதிப்புகளைப் பயனரின் சொந்தக் கோப்புறையில் அருகருகே வைத்து, வேண்டியதை மாற்றிக்கொள்ள விடுகிறது. லினக்ஸோடு வரும் ஜி.எச்.சி.யை விட்டுவிட்டு இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

பழைய நாளில் பொதிகளும் பயனர் ஒருவருக்கு ஒரே பொதுக் கிடங்கில் கிடந்தன. ஒரு பொதியின் ஒரு பதிப்புக்கு ஒரு பிரதிதான் அங்கே இருக்க முடியும். புதிய திட்டத்துக்காக அதை வேறு துணைப்பொதிகளோடு மறுபடி கட்டினால், பழைய பிரதி போய்விடும். அதை நம்பியிருந்த நேற்றைய திட்டம் உடைந்துவிடும். புதிதாக ஒன்றை நிறுவியதற்கும் பழையது நின்றுபோனதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதே பலருக்குப் புரியாது. ஹாஸ்கெல்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'கேபல் நரகம்'. மதிப்பை எங்கோ மறைவாக மாற்றுவதே பிழைகளின் ஊற்று என்று மொழியில் ஓதிக்கொண்டிருந்தவர்கள், பொதிகளை வைக்கும் இடத்தில் மட்டும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை. யெசோட் சட்டகத்தை உருவாக்கிய மைக்கேல் ஸ்னாய்மன் 2012-இல் ஸ்டாக்கேஜ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். குறிப்பிட்ட ஒரு கம்பைலரோடு சேர்ந்து கட்டப்படும் என்று சோதித்தறிந்த பதிப்புகளின் தொகுப்பு அது. தொகுப்பின் பெயரைச் சொன்னால் போதும், அதிலுள்ள எல்லாப் பொதிகளின் பதிப்புகளும் உறுதியாகிவிடும். 2015-இல் அதையே அடிப்படையாகக் கொண்டு ஸ்டாக் என்ற கருவி வந்தது. கேபலும் மாறியது. 2019-இல் வந்த கேபல் 3.0-இலிருந்து, எதை எதோடு சேர்த்துக் கட்டினோம் என்பதை வைத்து ஒவ்வொரு பிரதிக்கும் தனி அடையாளம் தருவதே இயல்பு முறை. புதியது வந்தாலும் பழையது பக்கத்திலேயே இருக்கும். எதுவும் எதையும் அழிப்பதில்லை.

இந்த யோசனை வந்தது நெதர்லாந்திலிருந்து. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருள், மென்பொருளை நிறுவுவதையே தூய சார்பாக நடத்துவது எப்படி என்பதுதான். அதன் செயல்வடிவம் நிக்ஸ். நிக்ஸில் ஒரு பொதியைக் கட்டத் தேவையான அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: மூல நிரல், கம்பைலர், சி லைப்ரரிகள், கட்டளைகள், எல்லாம். அந்த மொத்த விவரத்திலிருந்து ஒரு ஹேஷ் கணக்கிடப்படும். ஹேஷ் என்பது எவ்வளவு நீளமான உள்ளீட்டையும் வாங்கி, குறிப்பிட்ட நீளத்தில் ஓர் அடையாளத்தைத் தரும் சார்பு. உள்ளீட்டில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். நிக்ஸ் அதை 160 பிட்டுக்குச் சுருக்கி, 32 எழுத்துகளாகக் கோப்புறையின் பெயரிலேயே ஒட்டிவிடுகிறது. துணைப்பொதியின் அடையாளமும் உள்ளீட்டில் அடங்குவதால், அடியில் ஏதோ ஒரு சி லைப்ரரி மாறினால் அதன் மேல் நிற்கும் எல்லாவற்றின் பெயரும் மாறும். வேறு உள்ளீடு என்றால் வேறு முகவரி, மோதல் இல்லை.

அந்த 32 எழுத்துகளில் ஆங்கிலத்தின் ஈ, ஓ, டீ, யூ நான்கும் வராது. தற்செயலாகக் கெட்டவார்த்தை எதுவும் உருவாகிவிடக் கூடாதே என்ற முன்யோசனை!

எல்லாவற்றையும் எழுதிவிட்டோம் என்று நாம் சொல்லலாம். உண்மையிலேயே எழுதிவிட்டோமா என்று எப்படி அறிவது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். முதல் சோதனை, பறித்துப் பார்ப்பது. நிக்ஸ் ஒரு பொதியைத் தனியறை ஒன்றில் அடைத்துக் கட்டுகிறது. எழுதிக் கொடுத்த பொதிகளைத் தவிரக் கணினியின் மற்றக் கோப்புகள் அங்கே தெரியாது. வலை இணைப்பும் இல்லை; வெளியிலிருந்து இறக்க வேண்டியதற்கு, இறங்கும் கோப்பின் ஹேஷை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பயனரின் சொந்தக் கோப்புறை எது என்று கட்டும் நிரல் கேட்டால் 'ஹோம்லெஸ்-ஷெல்டர்' என்று, இல்லாத ஓர் இடத்தின் பெயர் பதிலாக வரும். அங்கிருந்து ரகசியமாக எதையாவது எடுக்கப் பார்க்கும் நிரல் அங்கேயே விழுந்து மாட்டிக்கொள்ளும். நம் லிப்பீக்யூவை எழுத மறந்திருந்தால், எழுதியவரின் கணினியிலேயே கட்டுமானம் நின்றுவிடும். பிழை பக்கத்து மேசைக்குப் போகும்வரை காத்திருக்காது.

இரண்டாவது சோதனை கட்டி முடித்த பிறகு. ஓடும்போது இந்த நிரலுக்கு எவையெல்லாம் தேவைப்படும் என்று நிக்ஸ் யாரிடமும் கேட்பதில்லை. கட்டிய கோப்பின் பைட்டுகளை வரிசையாகப் படித்து, தனக்குத் தெரிந்த 32 எழுத்து அடையாளங்கள் எதுவும் உள்ளே இருக்கின்றனவா என்று தேடுகிறது. இருந்தால் அந்தப் பொதி தேவை, இல்லாவிட்டால் தேவையில்லை. முரட்டு வழிதான். ஆனால் இவ்வளவு நீளமான எழுத்துக்கோவை தற்செயலாக ஒரு கோப்பில் வந்துவிடாது என்பதால் நடைமுறையில் நன்றாகவே வேலை செய்கிறது.

மூன்றாவது எல்லாவற்றிலும் கடுமையானது: இருமுறை கட்டி, பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடுவது. டெபியன் லினக்ஸ் திட்டத்தினர் பல ஆண்டுகளாக இதைப் பெரிய அளவில் செய்துவருகிறார்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் கணினியின் பெயர், கடிகாரம், நேர மண்டலம், மொழி அமைப்பு என்று வேண்டுமென்றே மாற்றுவார்கள். விளைவில் ஒரு பிட் வேறுபட்டாலும், மறை உள்ளீடு எங்கோ புகுந்திருக்கிறது என்று பொருள். அடிக்கடி பிடிபடும் குற்றவாளி, 'இந்த நேரத்தில் கட்டப்பட்டது' என்று கோப்புக்குள் பதியும் நேரமுத்திரை. கோப்புறையில் உள்ள கோப்புகளை இயங்குதளம் எந்த வரிசையில் எடுத்துக் கொடுக்கிறது என்பதும் அப்படித்தான். நிக்ஸ் தன் கிடங்கில் சேர்க்கும் கோப்புகள் அனைத்துக்கும் 1970 ஜனவரி 1, நள்ளிரவு கழிந்து ஒரு விநாடி என்ற ஒரே நேரத்தைக் குத்திவிடுவது இதனால்தான்.

ஜி.எச்.சி.யே இந்தத் தேர்வில் நெடுங்காலம் தடுமாறியது. கம்பைல் செய்யும்போது தன் உள்வேலைக்காகப் பெயர்களுக்கு அது எண்கள் ஒதுக்கும். பல கூறுகளை ஒரே நேரத்தில் கட்டும்போது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து அந்த எண்கள் மாறும்; அவை வெளிவரும் கோப்பிலும் தடம் விட்டுவிடும். தூய மொழியின் கம்பைலர், ஆனால் அதன் வெளியீடு தூயதல்ல! 9.12 பதிப்பில்தான் இயந்திரக் கோப்புகளையும் மாறாமல் தருவதற்கென்று ஒரு விருப்பத்தேர்வு சேர்ந்தது.

அப்படியானால் ஹாஸ்கெல் சர்வர் எழுத உட்காரும் ஒவ்வொருவரும் நிக்ஸ் கற்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். நிக்ஸுக்கென்று தனி மொழி இருக்கிறது, அதன் பிழைச்செய்திகள் பொறுமையைச் சோதிக்கும், வன்தட்டில் ஜிகாபைட் கணக்கில் இடம் பிடிக்கும். தனியாளாகத் தொடங்குபவருக்கு ஜி.எச்.சி.அப்பும் கேபலும் போதும்; கூடவே பொதிகளின் பதிப்புகளை உறையவைக்கும் 'ஃப்ரீஸ்' கோப்பு ஒன்றை நிரலோடு சேர்த்து வைக்க வேண்டும். சி லைப்ரரிகளின் பெயரை அறிமுகக் கோப்பில் எழுதினால் அடுத்தவர் வாழ்த்துவார். பல கணினிகள், பல ஆட்கள் என்று ஆகும்போது நிக்ஸ் தன் விலையைத் திருப்பித் தரும். டாக்கர் என்ற இன்னொரு வழியும் உண்டு. அது கட்டி முடித்த சூழலை அப்படியே பெட்டியில் அடைத்து அனுப்புகிறது; பெட்டி எங்கும் ஒன்றுபோல் ஓடும். ஆனால் பெட்டியைக் கட்டும் குறிப்பில் 'இன்றைய புதிய பதிப்பை இறக்கு' என்று ஒரு வரி இருந்தால், அடுத்த மாதம் அதே குறிப்பு வேறு பெட்டியைத் தரும்.

முதல் முறை கட்டும்போது நேரம் பிடிக்கும். யெசோட் போன்ற சட்டகத்துக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் தேவைப்படும் பொதிகள் நூறைத் தாண்டுவது சாதாரணம். அவை அனைத்தும் உங்கள் கணினியிலேயே கட்டப்படும், நினைவகமும் நிறைய வேண்டும். காபி குடித்துவிட்டு வரலாம். அடுத்த முறை உங்கள் நிரல் மட்டும்தான். ஜி.எச்.சி.ஐடி என்ற கருவியைப் பக்கத்துச் சாளரத்தில் ஓடவிட்டால், கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் வகைக் குறிப்புகளை மறுபடி சரிபார்த்துப் பிழைகளை உடனுக்குடன் காட்டும். சர்வரைத் தொடங்கி, உலாவியில் பக்கம் பார்க்கும் முன்பே பாதித் தவறுகள் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் ஒருநாள் சர்வர் கிளம்ப மறுக்கும். 'ரிசோர்ஸ் பிஸி, அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று ஒரு வரி. கம்பைலர் சரி, பொதிகள் சரி, லிப்பீக்யூ சரி. காலையில் இன்னொரு சாளரத்தில் ஓடவிட்டு மறந்த பழைய சர்வர் 3000-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கட்டும்போது எத்தனை ஹேஷ் பார்த்திருந்தாலும் ஓடும் நேரத்து விவகாரத்தை அவை தீர்க்கா. தரவுத்தளத்தில் நேற்று எழுதிய வரிசைகளும் அப்படியே, அவை கணினிக்குக் கணினி வேறு. போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று 'எல்.எஸ்.ஓ.எஃப்' கட்டளையில் பார்த்து, அதை நிறுத்திவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.